பயிற்சி மையமா, வீடும் சந்தையுமா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அதற்கு அப்புறம் பிள்ளை என்ன செய்வான் என்ற கவலை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு 14 வயதிலேயே தொடங்கிவிடுகிறது. சேலத்தில் சிறப்பாசிரியராக இருக்கும் என்னிடம் அவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: அன்றாட வேலைகளை மையத்தில் விட்டுப் பழக்குவதா, வீட்டிலேயே பழக்குவதா?

முதலில் சமையலறை. மையங்களில் பெரும்பாலும் பாதுகாப்புக்காக இண்டக்‌ஷன் அடுப்புதான் வைத்திருப்பார்கள். பட்டனை அழுத்தினால் போதும். வீட்டில் கேஸ் அடுப்பு. குமிழைத் திருப்ப வேண்டும், லைட்டர் அடிக்க வேண்டும், பால் பொங்கி வரும்போது தீயைக் குறைக்க வேண்டும். மையத்தில் அருமையாக டீ போடுகிற பையன் வீட்டு அடுப்புக்கு முன்னால் சும்மா நிற்பான். மறந்துவிட்டான் என்று அம்மா வருத்தப்படுவார். மறக்கவில்லை, அவனுக்கு இது வேறு வேலை. ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது ஆட்டிசம் உள்ள பலருக்குச் சிரமம். அதனால் எந்த அடுப்பில் காலமெல்லாம் டீ போடப் போகிறானோ, அதில்தான் பழக வேண்டும்.

வீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. காலை அவசரத்தில் "லைட்டரை எடு, பாலை ஊத்து" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். பிறகு அந்தக் குரல் இல்லாமல் அவன் கை அசையாது. வாயால் சொல்லும் தூண்டுதலைப் பின்னால் விலக்குவதுதான் ரொம்பக் கஷ்டம். படிகளைப் புகைப்படமாக எடுத்து அடுப்புக்கு மேலே ஒட்டுங்கள். மற்ற எல்லாவற்றையும் நீங்கள் செய்து, டீயை வடிகட்டுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது வந்தபின் அதற்கு முந்தைய படி. இப்படிப் பின்னாலிருந்து போனால், ஒவ்வொரு முறையும் அவன் கையாலேயே வேலை முடியும், குடிக்க டீயும் கிடைக்கும்.

கடைக்குப் போவதில் மையம் கிட்டவே வர முடியாது. அங்கே பொம்மைக் காசு, கேட்டவுடன் மீதி தரும் ஆசிரியர். சூரமங்கலம் உழவர் சந்தையில் அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. கூட்டம் குறைந்தபின் போங்கள். 36 ரூபாய் என்றால் நான்கு பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தால் போதும், கழித்தல் கணக்கு வேண்டாம். கஷ்டமான பாடம் மீதிக்காகக் காத்திருப்பது. "செத்த இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு காய் விற்கும் அம்மா அடுத்தவருக்குத் தக்காளி நிறுப்பார். அந்த இடைவெளியில் நகராமல் நிற்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது.

பஸ்ஸும் அப்படித்தான். மைய வேன் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடும். சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லை. காசுக் குழப்பம் இல்லாமல் நிறுத்தத்தைக் கவனிக்கவும், சீட்டு வாங்கிப் பத்திரமாக வைக்கவும் பழக்கலாம்.

குளியல், சவரம், மாதவிடாய் நாப்கின் மாற்றுவது எல்லாம் வீட்டு வேலை, இதில் விவாதமே இல்லை. பெண் குழந்தைக்கு முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே நாப்கினை வைத்துப் பழக்கிவிடுங்கள்.

மையம் ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது: வேலைக்கான பழக்கம். கொலுசுப் பட்டறையிலோ பேக்கிங் இடத்திலோ பக்கத்தில் ஆள் இருக்க, ஒரே வேலையை முடியும்வரை செய்ய வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1970களில் வளர்ந்த, ஆட்டிசம் உள்ளவர்களுக்கான டீச் (TEACCH) பயிற்சி முறையில், இடப்பக்கத் தட்டில் இருப்பதைச் செய்து முடித்து வலப்பக்கத் தட்டில் வைப்பார்கள். எவ்வளவு பாக்கி என்று பிள்ளைக்குக் கண்ணாலேயே தெரியும், பதற்றம் குறையும். அம்மா அல்லாத ஒருவர் சொல்வதைக் கேட்பது, "முடிச்சிட்டேன்" என்று போய்ச் சொல்வது, இவை வீட்டில் வராது. அம்மாவுக்கும் கொஞ்ச நேரம் மூச்சு விடக் கிடைக்கும். அதுவும் முக்கியம்.

என் பரிந்துரை: 14 வயதில் வீடும் சந்தையும். 16 வாக்கில் மையம், அதுவும் அரை நாள். சேர்க்கும்போது இரண்டு கேளுங்கள்: பிள்ளையை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போவீர்களா? எங்கள் வீட்டுச் சமையலறையை ஒருமுறை வந்து பார்ப்பீர்களா? இரண்டுக்கும் சரி என்றால் முழு நாளும் விடலாம்.