கிராபிக்ஸ் கார்டா, ப்ராசஸரா? 20,000 ரூபாயில் எதை முதலில் மாற்றலாம்?

ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. 2018, 2019 வாக்கில் அளவான பட்ஜெட்டில் கேமிங் பிசி அசெம்பிள் செய்த பலரிடம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது இந்தக் கூட்டணிதான். என்னிடமும் இதுவே இருந்தது. கையில் 20,000 ரூபாய் சேர்ந்ததும் ப்ராசஸரை ரைசன் 5 5600 ஆக்குவதா, கார்டை ஆர்எக்ஸ் 6600 ஆக்குவதா என்று யோசித்து, கார்டை மாற்றினேன். தருமபுரியில் உட்கார்ந்து இதே கணக்கைப் போடுகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

மதர்போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் தூக்கிவிட்டுப் ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு டிடிஆர்5 ரேம் கட்டாயம். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பட்ஜெட்டில் அந்தப் பேச்சே வராது. விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் மட்டும் ஒரு எஸ்எஸ்டி வாங்கிவிடுங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃப்ரேம்கள்) ஏறாது, லோடிங் நேரம் குறையும். 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் அதே மாதிரி இன்னொன்றைப் பழையதாகத் தேடி டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து ஓடும் முறை) ஆக்கிவிடுவதும் நல்லது.

இனி கார்டா ப்ராசஸரா என்பதற்கு வருவோம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருள் இலவசம். அதைப் போட்டு, விளையாடும்போது திரை ஓரத்தில் ஜிபியு (கார்டு), சிபியு (ப்ராசஸர்) எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்று தெரிகிற மாதிரி வையுங்கள். என் 1080பி மானிட்டரில் பெரிய கதை கேம்கள் எதைத் திறந்தாலும் ஜிபியு 98, 99-லேயே நிற்கும். ப்ராசஸர் பாதி கூட வேலை செய்யாது. 1050 டிஐ-யில் இருப்பது 4 ஜிபி மெமரிதான். டெக்ஸ்சரைக் கொஞ்சம் உயர்த்தினாலே திணறும். இந்த நிலையில் 5600 போட்டிருந்தால் காசு போயிருக்கும், கேம் அப்படியேதான் ஓடியிருக்கும்.

என் முடிவைத் தீர்த்துவைத்தது இதைவிட வேறொரு விஷயம்: நாளைக்கு இந்தப் பொருள் என்னவாகும்? 2600, 5600 இரண்டும் ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸர்கள்; ஏஎம்4 போர்டில் மட்டும்தான் உட்காரும். போர்டு ஒருநாள் செத்துப்போனால், அதே சாக்கெட்டில் இன்னொரு போர்டு தேட வேண்டும், இல்லாவிட்டால் ப்ராசஸரையும் விற்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கு அந்தக் கட்டு இல்லை. இன்டெல் போர்டோ, நாளை வாங்கப்போகும் ஏஎம்5 போர்டோ, கழற்றி அதில் மாட்டிவிடலாம். மொத்த சிஸ்டத்தையும் ஒரே மூச்சில் மாற்ற வசதி இல்லாதவனுக்கு இது பெரிய பலம். இன்று போட்ட காசு அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூடவே வருகிறது.

கழற்றிய பொருளை விற்பதிலும் கார்டுக்கே லாபம். 1050 டிஐ-யில் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் வேண்டாம். ஸ்லாட் தருகிற 75 வாட்டே போதும். ஆபீஸ்களில் இருந்து கழித்து விற்கும் டெல், ஹெச்பி டவர்களை வாங்கி வைத்திருக்கும் மாணவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். என்னுடையதை செட்டிக்கரை இன்ஜினியரிங் காலேஜ் பையன் ஒருவன் வீட்டுக்கே வந்து, ஓட்டிப் பார்த்து வாங்கிப் போனான். பழைய 2600-ஐ விற்க வேண்டுமென்றால் ஏஎம்4 போர்டு வைத்திருக்கும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவரும் பெரும்பாலும் அதைவிட நல்லதைத்தான் கேட்பார்.

வாங்குவதற்கு நம்மூர் ஆட்களுக்கு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம். பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாக ரயிலே இருக்கிறது. பழைய கார்டு என்றால் பில்லும் மிச்ச வாரன்டியும் இருப்பதாகப் பார்த்து, கடையிலேயே கொஞ்ச நேரம் லோடு கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மலிவாக இருக்கிறதே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள். அது நாலு லேன் கார்டு, அதாவது போர்டோடு தகவல் பரிமாற நாலு பாதைதான். நம் பி450 போர்டின் ஸ்லாட் பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 என்பதால் அதில் வேகம் நன்றாகவே அடிவாங்கும். 6600-க்கு எட்டு லேன் இருக்கிறது. பழைய போர்டிலும் பெரிதாகக் குறையாது. இன்டெல் ஆர்க் கார்டுகளை நான் மாட்டிப் பார்த்ததில்லை, அதனால் அவற்றைச் சேர்க்கவில்லை.

கார்டுக்கு முன்னால் கேபினெட்டைத் திறந்து, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 6600 இழுப்பது 132 வாட். ஏஎம்டி சொல்வது குறைந்தது 450 வாட் சப்ளை. எட்டு பின் பவர் கனெக்டரும் வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை இதற்கு நம்பாதீர்கள். 20,000-க்குள் 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) தரச் சான்று உள்ள ஒரு நல்ல சப்ளையும் அடங்க வேண்டும் என்பதால்தான் நான் கார்டைப் பழையதாக வாங்கினேன்.

ப்ராசஸரை முதலில் மாற்ற வேண்டியவர்களும் உண்டு. வேலரன்ட் மாதிரி லேசான கேம்களை மட்டும் செட்டிங்ஸைக் குறைத்து 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாடுகிறவருக்கு, கார்டு சும்மா இருக்க ப்ராசஸர் இழுத்துப் பிடிக்கலாம். ஆஃப்டர்பர்னரில் அப்படித் தெரிந்தால் அவருக்கு 5600 சரி. பழைய பி450-க்கு அதற்குமுன் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் தேவைப்படும். நடுவில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். வீட்டில் யூபிஎஸ் இல்லையென்றால் பழைய ப்ராசஸர், கார்டு எல்லாம் மாட்டிய கேபினெட்டை அப்படியே கொண்டுபோய், யூபிஎஸ் வைத்திருக்கும் கடையிலேயே அப்டேட் செய்து, அங்கேயே 5600-ஐ மாட்டி டிஸ்ப்ளே வருகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.