யாழ் செய்யும் பயிலரங்குக்குப் பணம் கட்டுகிறீர்களா? முதலில் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள்

"மூன்றே நாளில் உங்கள் கையாலேயே ஒரு யாழ்" என்ற விளம்பரம் மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. சென்னைக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் இவர்கள் போன முறை நடத்தியதில் நானும் இருந்தேன். ஆளுக்கு 18,500 ரூபாய், முழுத்தொகையும் முன்பணமாக. இன்று என்னிடம் இருப்பது பத்தர் (ஒலியைப் பெருக்கும் குடைந்த அடிப்பாகம்) வெடித்து, கோடு (நரம்புகளைக் கட்டும் வளைந்த தண்டு) முறிந்துபோன ஒரு மரக்கட்டை. யாழ் மேல் உண்மையான ஆசை உள்ளவர்கள்தான் இதற்குப் பணம் கட்டுகிறார்கள். அவர்கள் ஏமாறக் கூடாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

விளம்பரத்தில் சொன்னது இது: ஐந்து வருடம் உலர்த்திய பலா மரம், பத்தரை அவரவரே உளியால் குடைவது, 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, தஞ்சாவூரில் தலைமுறைகளாக வீணை செய்யும் குடும்பத்துப் பெரியவர் மூன்று நாளும் கூடவே இருப்பது, கடைசியில் வாசிக்கிற நிலையில் ஏழு நரம்புள்ள செங்கோட்டியாழ். தஞ்சாவூர் வீணையும் பலா மரத்தில்தான் செய்யப்படுகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவினையின் பெயரைச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வரத்தான் செய்யும்.

போய்ப் பார்த்தால் 23 பேர். பத்தர்களை ஏற்கெனவே மெஷினில் குடைந்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எங்களுக்கு என்று விட்டுவைத்த வேலை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். உளிகள் நாலைந்து பேருக்கு ஒன்று, அதுவும் மழுங்கியவை. மழுங்கிய உளி வழுக்கிக் கையைக் கிழித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்குச் சுற்றிவிடத் துணிகூட அங்கே இல்லை. அடுப்படியிலிருந்து யாரோ கைத்துண்டு கொண்டுவந்தார்கள்.

பெரியவர் வந்தார், ஒரு காலை நேரம் மட்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவரிடம் கற்றதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பாடம். என் பத்தரைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். விரல் கணுவால் தட்டினார். மந்தமாக 'தொப்' என்றது.

"தம்பி, இது பச்சை மரம். இதுல நரம்பு கட்டி என்ன செய்யப்போறீங்க?"

"அஞ்சு வருஷம் காஞ்சதுன்னு சொன்னாங்களே ஐயா."

"காஞ்ச மரம் இவ்வளவு கனக்காது. செதுக்கின தூளை உள்ளங்கையில வச்சு அமுக்கிப் பாருங்க, ஈரம் தெரியும். என்கிட்ட மரத்தையே காட்டலை. வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்கன்னுதான் கூப்பிட்டாங்க."

அவருடைய படத்தை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டது அவருக்கே தெரியாது. அவரையும் இவர்கள் ஏமாற்றியிருக்கிறார்கள், அதனால் அவர் மேல் யாரும் கோபப்பட வேண்டாம்.

பச்சை மரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் ஏற்படுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பத்தரின் விளிம்பு மெல்லியது, அடிப்பகுதி தடிமன். விளிம்பு சீக்கிரம் காய்ந்து சுருங்கும், அடிப்பகுதியில் ஈரம் நிற்கும், நடுவில் வெடிக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து சில வாரங்களிலேயே எனக்கு அதுதான் நடந்தது. என்னோடு இருந்தவர்களில் நான் பேசிய எல்லாருக்கும் அதேதான்.

கோடு முறிந்தது இதைவிட மோசம், ஏனென்றால் அது ஆபத்து. மேல்நாட்டு ஹார்ப்பில் நரம்புகளின் இழுவையைத் தாங்க முன்னால் ஒரு தூண் நிற்கும். வில்போல வளைந்த யாழில் தூண் கிடையாது, முழு இழுவையையும் அந்த வளைந்த கோடு ஒன்றுதான் தாங்க வேண்டும். ஒரு நரம்புக்கு ஐந்து கிலோ என்று வைத்தாலே ஏழுக்கும் 35 கிலோ. இதே கருவிக் குடும்பத்தைச் சேர்ந்த, இன்றும் வாசிக்கப்படுகிற மியான்மரின் சாங் கௌக்கில் கோட்டுக்கு இயற்கையாகவே வளைந்த வேரைத் தேடி எடுக்கிறார்கள். மரத்தின் ரேகை, அதாவது நார் ஓடும் போக்கு, வளைவோடு சேர்ந்தே ஓட வேண்டும் என்பதுதான் காரணம். இவர்கள் நேரான பலகையில் வளைவை வரைந்து, வாளால் அறுத்துக் கொடுத்தார்கள். அப்படி அறுத்தால் வளைவின் நடுவில் ரேகை குறுக்கே ஓடும், அந்த இடத்தில் பலமே இருக்காது. சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் முறிந்தது. முகத்துக்குப் பக்கத்தில் முறிந்த கட்டை அது. குழந்தைகளோடு வந்திருந்தவர்களும் இதே கோட்டைத்தான் எடுத்துப்போயிருக்கிறார்கள்.

பத்தரின் மேல் போர்த்தும் தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டுத்தோலை நன்றாக ஊறவைத்து, இழுத்துப் பொருத்தி, நிழலில் தானாகக் காயவிட வேண்டும். காயும்போதுதான் அது இறுகும். அவசரப்படுத்த முடியாத வேலை. இங்கே கடைசி நாள் காலையில் செருப்புக்கு ஒட்டுகிற பசையைத் தடவி ஒட்டி, ஹேர் டிரையரைப் பிடித்தார்கள். மேலே காய்ந்தது, அடியில் ஈரம் அப்படியே இருந்தது, இரண்டாம் வாரம் ஓரங்கள் உரிந்து வந்துவிட்டன. நரம்பு என்று கட்டியது தூண்டில் நரம்பு, ஏழுக்கும் ஒரே தடிமன். கோடு குட்டையாக இருப்பதால் நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கீழ் ஸ்வரத்துக்குக் கொண்டுவந்தால் நரம்பு தொளதொளவென்று ஆகிவிடும்.

இன்னொரு பொய்யையும் குறித்துக்கொள்ளுங்கள். "சங்க கால அசல் அளவு" என்றார்கள். பழைய யாழ் எதுவும் நமக்கு மிஞ்சவில்லை. இன்று யார் செய்தாலும் இலக்கிய வர்ணனைகளையும் சிற்பங்களையும் வைத்துச் செய்கிற மீட்டுருவாக்கம்தான். அதை நேர்மையாகச் சொல்லிவிட்டுச் செய்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அசல் அளவு என்று சொல்பவரிடம் எந்த அசல் என்று கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்: "கட்டணம் பயிற்சிக்குத்தான் சார், கருவிக்கு இல்லை. மரம்னா வெடிக்கத்தான் செய்யும்." அப்புறம் குழுவிலிருந்தே என்னை நீக்கிவிட்டார்கள்.

வேறு எங்கே இப்படி ஒரு பயிலரங்கு நடந்தாலும், கட்டுவதற்கு முன் மரத்தை நேரில் பார்க்கக் கேளுங்கள். ஈரமானி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள், பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் காட்டினால் வேண்டாம். தோல் எப்போது போர்த்துவார்கள், காய எத்தனை நாள் விடுவார்கள் என்று கேளுங்கள். இரண்டு கட்டமாக நடத்தி, நடுவில் காயவிடுகிறவர்கள் வேலை தெரிந்தவர்கள். முன்பு செய்துகொண்டு போனவருடைய கருவி ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்காமல் முழுப்பணமும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆணையத்தின் அனுமதியோடு பலர் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம், நாங்கள் சிலர் அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறோம். அந்த 23 பேரில் நீங்களும் ஒருவர் என்றால், விளம்பரப் படத்தையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிடாதீர்கள். முறிந்த கோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அதன் ரேகையே சாட்சி சொல்லும்.