ஜீப்புக்குப் புது ஹூட்: ரெக்சினா, கேன்வாஸா, தார்ப்பாயா, அக்ரிலிக்கா?

கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு, வெளியே நிற்கும் ஜீப்பின் கறுப்பு ஹூட் (துணிக் கூரை) மேல் கையை வைத்துப் பாருங்கள். அடுத்த நொடியே எடுத்துவிடுவீர்கள். வேலூர்ப் பக்கம் ஹூட்டைக் கொல்வது இந்தச் சூடுதான். ஐப்பசி மழை வந்து ஒழுகும்போது நாம் மழையைத் திட்டுகிறோம், ஆனால் துணி சித்திரையிலேயே செத்திருக்கும். அதனால் புது ஹூட் போடும்போது "தண்ணீர் இறங்குமா?" என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதல் கேள்வி, "மே மாதத்தைத் தாங்குமா?"

இங்கே பேசுவது 80 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான நீளம்) உள்ள சிஜே3பி, 91 அங்குல சிஜே4, எம்எம்540 மாதிரியான பழைய மஹிந்திரா ஜீப்களைப் பற்றி. மடக்கும் கூரையுள்ள பழைய கார்களுக்கு எங்கே கணக்கு மாறுகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

ரெக்சின்

குஷன் கடைக்குப் போனால் முதலில் நீட்டுவது இதைத்தான். விலை குறைவு, எல்லா நிறமும் உண்டு, ஒரே நாளில் தைத்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், கடையில் இருப்பது பெரும்பாலும் சீட்டுக்கான ரெக்சின். ரெக்சின் என்பது துணி மேல் பி.வி.சி. பிளாஸ்டிக் பூசியது. அந்த பி.வி.சி. மெத்தென்று இருப்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் ஒரு வகை எண்ணெய்ப் பொருள். வெயிலில் அது மெல்ல வெளியேறிவிடும். எண்ணெய் போனதும் ரெக்சின் விறைக்கும், சுருங்கும், பிறகு வெடிக்கும். முதலில் வெடிப்பது பின் ஹூட் கம்பியின் (கூரையைத் தாங்கும் வளைவுக் கம்பி) மேல் துணி மடிந்து இறங்கும் இடத்திலும், தையல் ஓரத்திலும்தான்.

வெளி உபயோகத்துக்கென்றே ஹூட் ரெக்சின் தனியாக வருகிறது. அதை அடையாளம் காண, துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஸ்பாஞ்சோ, பனியன் துணி மாதிரி பின்னலோ இருந்தால் அது சீட்டுத் துணி. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்தால் நீளக்கூடாது. அடியில் நெய்த பாலியஸ்டர் துணி தெரிய வேண்டும்.

ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒர்க் ஷாப்பில் வண்டியைப் பளபளப்பாக்க டீசல் தொட்ட துணியால் ஹூட்டையும் சேர்த்துத் துடைத்துவிடுவார்கள். அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெயில் மெதுவாக எடுக்கிற அந்த எண்ணெயை டீசல் வேகமாக உறிஞ்சிவிடும். தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பூவும் போதும்.

பருத்தி கேன்வாஸ்

பழைய ஜீப்பின் இயல்பான உடை இதுதான். பார்க்கவும் அதுதான் பொருந்துகிறது. சதுர கெஜத்துக்கு 16 அவுன்ஸ், அதாவது சுமார் 540 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையில் மெழுகேற்றிய கேன்வாஸ் நல்ல தேர்வு. காற்று ஊடுருவும் என்பதால் உள்ளே புழுக்கம் குறைவு. நம் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நனைந்ததும் பருத்தி நூல் ஊதி, நெசவின் கண்களைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் புதுக் கேன்வாஸ் முதல் மழையில் லேசாகத் தூவினால் பயப்பட வேண்டாம். இரண்டு முறை நனைந்து காய்ந்தால் சரியாகிவிடும். ஆனால் மழை பெய்யும்போது உள்ளே இருந்துகொண்டு விரலால் கூரையைத் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் நீர்ப்படலம் உடைந்து, அங்கிருந்தே சொட்ட ஆரம்பிக்கும். ஹூட் கம்பி உரசும் இடத்தில் ஒழுகுவதும் இதே காரணத்தால்தான்.

வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைக்காவிட்டால், தைத்த பிறகு சுருங்கி, முன் கண்ணாடிச் சட்டம் வரை எட்டாமல் நிற்கும். இதுதான் கேன்வாஸ் வேலையில் அதிகம் நடக்கும் தவறு. வாங்கும்போதே சுருக்கம் எடுத்த துணியா என்று கேளுங்கள். மெழுகேற்றி வந்ததென்றால் அந்தக் கேள்வி இன்னும் முக்கியம், ஏனென்றால் அதை வீட்டில் நனைத்துச் சுருக்கம் எடுப்பது கடினம். இன்னொன்று, ஈரமாகச் சுருட்டிக் கட்டினால் சில நாளிலேயே கரும்புள்ளி பூஞ்சை பிடிக்கும், அப்புறம் துணி இற்றுப்போகும்.

பூச்சுத் தார்ப்பாய்

கட்டிட வேலையில் மூடுகிற நீல பிளாஸ்டிக் ஷீட் வேறு, இது வேறு. பாலியஸ்டர் துணியின் இரு பக்கமும் பி.வி.சி. பூசியது, 650 ஜி.எஸ்.எம். அளவில் லாரிக்குப் போடுவது. இதன் பெரிய பலம், தைக்காமல் சூடான காற்றால் ஒட்டலாம். ஊசித் துளையே இல்லாத கூரை ஒழுகுவதற்கு இடம் ஏது? ஜவ்வாது மலைப் பாதையில் கிளை உரசினாலும் சீக்கிரம் கிழியாது.

காற்று மட்டும் துளியும் போகாது. மார்கழி விடியலில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும்போது உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். வேகம் பிடித்தால் படபடவென்று அடிக்கும். கறுப்பு வேண்டாம், சாம்பலோ மண் நிறமோ எடுங்கள். சூடு கண்கூடாகக் குறையும்.

அக்ரிலிக்

இழை உருவாகும்போதே சாயம் சேர்த்த துணி இது. அதனால் வெயிலில் வெளுப்பது மிக மெதுவாகத்தான் நடக்கும். இரண்டு வகை உண்டு. ஒற்றை அடுக்கு சுமார் 300 ஜி.எஸ்.எம்., காற்று போகும், தண்ணீரைத் தடுப்பது மேலே உள்ள பூச்சு மட்டுமே, சில வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மூன்று அடுக்கு வகையில் மேலே அக்ரிலிக், நடுவில் ரப்பர், கீழே துணி. வெளிநாட்டுக் கார்கள் பலவற்றின் மடக்குக் கூரையில் இருப்பது இதுதான். நான்கிலும் விலை அதிகம் இதற்குத்தான், குஷன் கடையில் பெரும்பாலும் கைவசம் இருக்காது. இழுத்தால் நீளாத துணி என்பதால் அளவில் அரை அங்குலம் தவறினாலும் சுருக்கம் கடைசிவரை நிற்கும். ரெக்சின் தைத்தே பழகிய கை இங்கே தடுமாறும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பேர்போன ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு தோலில் ஹூட் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தால் தோல் சுருங்கி வெடிக்கும். சீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரும்புக் கூரை போட்டுவிடலாம் என்றால், ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறான மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் வெல்டிங் வைக்காதீர்கள்.

துணியை விட நூல்

நல்ல துணி எடுத்துவிட்டு நூலில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சாதாரண நைலான் நூல் வெயிலில் சீக்கிரம் பலம் இழக்கும். துணி அப்படியே இருக்க, தையல் வரிசையாகப் பிரிந்து வரும். வெளி உபயோகத்துக்கான தடித்த பாலியஸ்டர் நூல் கேளுங்கள். கேன்வாஸுக்கும் அதே நூல்தான். பருத்தி நூல் ஊதித் துளையை அடைக்கும் என்பது உண்மை, ஆனால் துணிக்கு முன்னால் அது மக்கிவிடும்.

ஒரு தையலின் நீளம் 4 மி.மீ. அளவில் இருக்கட்டும். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைப்பது தவறு. துளைகள் நெருங்கினால் தபால் தலைத் தாள் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். மடித்து இரட்டைத் தையல், மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஓடு வேய்ந்த மாதிரி விழ வேண்டும்.

ரெக்சின் 54 அங்குல அகலத்தில் வரும், ஜீப் கூரையை அது முழுதாக மூடாது. இரண்டு துண்டை நடுவில் சேர்த்துத் தைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முழு அகலத்தை நடுவில் ஓடவிட்டு, இரு பக்கமும் பட்டை சேர்க்க வேண்டும். நடுத்தையலில்தான் தண்ணீர் தேங்கும். 80 அங்குலக் குட்டை ஜீப்புக்குக் கூரை, பின்பக்கம், பக்கத் திரை எல்லாம் சேர்த்துச் சுமார் 6 முதல் 7 மீட்டர் ஆகும்.

மாட்டும்போது

பழைய ஹூட்டை அளவுக்கு எடுத்துக்கொடுத்தால் அதன் சுருக்கமும் புதியதில் ஏறும். அளவு கம்பியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு முன் கம்பிகள் கோணலா என்று பாருங்கள், வண்டியின் பக்கத்தில் கம்பி செருகி நிற்கும் அடிக்குழியில் இறங்கும் முனையைத் தட்டிப் பாருங்கள், துரு அங்கேதான் தின்னும். துரு பட்ட கேன்வாஸ் அந்த இடத்திலேயே இற்றுப்போகும். தேய்த்து, பிரைமர் அடித்து, துணி படும் நீளம் முழுக்க நாடா சுற்றிவிடுங்கள்.

ரெக்சினை உச்சி வெயிலில் இழுத்து மாட்டினால், அப்போது விரிந்திருக்கும் துணி மார்கழி இரவில் சுருங்கி பிரஸ் பட்டனைப் பிடுங்கும். காலை பத்து மணி வாக்கில், நிழலில் மாட்டுவது சரி. முதலில் முன் கண்ணாடிச் சட்டத்தின் நடு, பிறகு பின்னால் நடு, அதன் பிறகுதான் மூலைகள். பக்கவாட்டுப் பட்டன்களுக்கு ஒரு நாள் கழித்துத் துளை போடுங்கள்.

பின் சன்னலுக்கு 0.75 மி.மீ. கண்ணாடி பி.வி.சி. ஷீட். 0.5 மெல்லியது, சீக்கிரம் நெளியும். தூசியோடு உலர்ந்த துணியால் துடைக்கக்கூடாது. ஜிப் பிளாஸ்டிக் பல்லில், 10-ஆம் நம்பர்.

எதை எடுப்பது? தினமும் வெளியே நின்று மலை ஏறும் வண்டிக்குச் சாம்பல் நிறத் தார்ப்பாய். ஷெட்டில் நின்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் பழைய சிஜே3பி-க்குக் கேன்வாஸ்தான், வேறு எதுவும் அதன் முகத்துக்கு ஒட்டாது. பணம் தடையில்லை, தைக்கத் தெரிந்த கையும் கிடைக்கிறது என்றால் அக்ரிலிக். ரெக்சின், கூரை நிழலில் நிற்கும் வண்டிக்கு மட்டும்.

மடக்குக் கூரையுள்ள பழைய காருக்குத் தார்ப்பாய் ஆகாது. மடிப்பில் தழும்பு விழுந்து அங்கேயே வெடிக்கும். மூன்று அடுக்கு அக்ரிலிக்கோ ஹூட் ரெக்சினோதான். எதைப் போட்டாலும் மாட்டிய முதல் இரண்டு வாரம் கூரையை மடக்காமல் இழுத்து மூடியே வையுங்கள், துணி கம்பியின் வடிவத்துக்குப் படியட்டும்.