தூண் குழிக்கு முன் நிலத்தடி ஸ்கேன்: 1,800 வெள்ளிக்கு என்ன கிடைத்தது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் வீடோ கடையோ கட்டப்போகிறவர்களுக்கு இது உதவும். எங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் அன்னதானக் கூடம் எழுப்ப 12 தூண்களுக்குக் குழி போட வேண்டியிருந்தது. மண் தோண்டும் இயந்திரமான பேக்ஹோவைக் கொண்டுவருமுன், மண்ணுக்கு அடியில் என்னென்ன போகிறது என்று தேடிக் குறி போட ஈப்போவிலிருந்து ஒரு குழுவை வரவழைத்தோம். பில் 1,800 வெள்ளி. பொருளாளர் என்ற முறையில் காசோலையில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

"இதுக்குப் போய் இவ்வளவா?" என்றுதான் நிர்வாகக் கூட்டத்தில் முதல் கேள்வி வந்தது. உடனே ஒருவர், பார்க்காமல் தோண்டினால் இப்படித்தான் ஆகும் என்று புத்ரா ஹைட்ஸை இழுத்தார். 2025 ஏப்ரல் 1 அன்று அங்கே எரிவாயுக் குழாய் வெடித்து எரிந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் குழாய்க்கு அடியில் மண் பிடிப்பு இழந்ததுதான் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. எங்கள் நிலத்தில் எரிவாயுவும் கிடையாது. பயமுறுத்தித் தீர்மானம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் சொன்ன காரணம் வேறு: சாலையோரம் 11 கிலோவோல்ட் கேபிள் போகிறது. கேபிளைச் சேதப்படுத்துவது 1990ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டப்படி குற்றம். பழுதுபார்க்கும் செலவும் நம் தலையில் விழுந்தால் உண்டியல் தாங்காது.

வரைபடம் வாங்கிப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். மின்சாரம் வழங்கும் தெனாகா, தண்ணீர் வழங்கும் லெம்பாகா ஆயர் ஆகியோரின் வரைபடங்களில் அவர்கள் பதித்ததுதான் இருக்கும். மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ளது நிலத்துக்காரர் பாடு. அமெரிக்காவில் 811க்கு அழைத்தால் இலவசமாக வந்து குறி போட்டுவிட்டுப் போவார்கள். அங்கேயும் மீட்டருக்கு உள்பக்கம் சொந்தக்காரர்தான் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்து நிலத்தில் சங்கதி இன்னும் சிக்கல். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டமே பம்பு வீடு வைத்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தண்ணீர் விட்டது. பிறகு 50களிலும் 60களிலும் துண்டாடல் வந்து, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக் கைமாறின. எந்தக் குழாய் எங்கே போனது என்ற படம் யாரிடமும் இல்லை. நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த தோட்டத்து ஆபீசில் உரக்கணக்குகூட இருந்தது, இது இல்லை.

வந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் இளைஞர்கள். இறங்கியதும் தமிழ்ப் பையன், "அங்கிள், கோயில்ல உள்ள எல்லா லைட்டையும் போடுங்க, தண்ணி பம்பையும் ஓட விடுங்க," என்றான். கேபிளில் மின்சாரம் ஓடினால்தான் அதைச் சுற்றி எழும் 50 ஹெர்ட்ஸ் அலையைக் கருவி பிடிக்கும். ஓடாத கேபிளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். தெருவிளக்குக் கேபிள் பகலில் ஏமாற்றுவது இப்படித்தான். அதனால் அதை மட்டும் நம்பாமல், மீட்டர் பெட்டியருகே கேபிளைச் சுற்றி ஒரு வளையத்தை மாட்டி, 33 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையை அதற்குள் அனுப்பி, அந்தச் சத்தத்தையே பின்தொடர்ந்து நடந்தான். சத்தம் உச்சத்துக்கு வரும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, நாலடி தள்ளி இன்னொரு புள்ளி.

மடப்பள்ளிக்குப் போகும் கேபிள் மீட்டரிலிருந்து நேராகப் போகிறது என்று கமிட்டியில் ஐந்தாறு பேர் சத்தியம் பண்ணாத குறை. புள்ளிகளோ அரசமரத்தைச் சுற்றி வளைந்து, ஒன்பதாம் தூண் வரவேண்டிய இடத்துக்கு நடுவில் போய் நின்றன. அன்று கேபிள் போட்டவர் வேருக்குப் பயந்து சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். பொறியாளர் தூணை ஒன்றரை அடி நகர்த்திப் படத்தைத் திருத்தினார். என்னைக் கேட்டால், கொடுத்த காசுக்கு இது ஒன்றே போதும்.

தண்ணீர்க் குழாயில்தான் கருவியின் எல்லை தெரிந்தது. பிளாஸ்டிக் பாலி பைப்பிலும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாயிலும் சமிக்ஞை ஓடாது. அதற்குத் தரை ஊடுருவும் ராடாரை வண்டி மாதிரி தள்ளிக்கொண்டு போகிறார்கள். குழாய் இருக்கும் இடத்தில் திரையில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவு விழும். ஈரக் களிமண் ராடார் அலையை விழுங்கிவிடும், முதல் நாள் மாலை நல்ல மழை. ஒரு வளைவு பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்று இருக்கிறதா இல்லையா என்ற நிலை. "சந்தேகந்தான் அங்கிள், உறுதியா சொல்ல முடியாது," என்று அவன் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

அந்த நேரம் பூக்கட்ட வந்த பாட்டி, அந்தத் தோட்டத்திலேயே ரப்பர் பால் வெட்டியவர், குடையை நீட்டிக் காட்டினார். "பம்பு வூட்டுலேர்ந்து இப்படியேதான்யா மூணாம் லயத்துக்குப் போச்சு." சந்தேக வளைவும் அந்தக் கோட்டில்தான் இருந்தது. கோயில் இளைஞர்கள் மண்வெட்டியால் தோண்டினார்கள். இரண்டரை அடியில் சாம்பல் நிறத்தில் சிமெண்டுக் குழாய், உள்ளே தண்ணீர் இல்லை. உடைக்காமல் விட்டுவிட்டோம். ஆஸ்பெஸ்டாஸை வெட்டினால் வரும் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இனி குறைகள். நில அளவைத் துறையான ஜுபெம், 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த வேலைக்கு நான்கு தரநிலைகள் சொல்லியிருக்கிறது. வெறும் ஆவணம் என்றால் டி. மூடி, வால்வு போன்று தரைக்கு மேலே தெரிவதையும் சேர்த்துப் பார்த்தால் சி. கருவியால் தேடினால் பி. தோண்டிக் கண்ணால் பார்த்து அளந்தால்தான் ஏ. எங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் 'யூடிலிட்டி மேப்பிங்' என்று மட்டும் இருந்தது. சோதனைக் குழி தோண்டத் தனிக் கட்டணம் என்பது வேலை நடக்கும்போதுதான் தெரிந்தது. அது முறையில்லை. காசு கொடுக்குமுன் எந்தத் தரநிலை, குழி சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

புல்லின் மேல் அடித்த பெயிண்டு அடுத்த மழைக்கே மங்கிவிட்டது. நாங்கள் முதலிலேயே மரக்குச்சி அடித்து, போனில் படமும் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். அறிக்கையும் கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. அதற்குள் பேக்ஹோ வேலையே முடிந்துவிட்டது. எப்படியும் ஆழம் என்பது கருவியின் கணக்குதான், அதனால் குறியின் இரு பக்கமும் அரை மீட்டருக்குப் பேக்ஹோ வாளியை விடவில்லை, மண்வெட்டி மட்டும்தான். பேக்ஹோக்காரர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வேலைக்கு நாலரை, அலுவலகத்துக்கு இரண்டரை. அடுத்து வாசல் பக்கம் மதில் கட்டும்போதும் இதே பையன்களைத்தான் கூப்பிடுவோம், ஆனால் விலைப்பட்டியலை நான் எழுதித் தருவேன், அவர்கள் கையெழுத்துப் போடட்டும்.