குரோஷே பை: எல்லாம் சரி, அந்த வெல்குரோவைத் தவிர

பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி லிங்க் அனுப்பி, "அக்கா, உங்ககிட்ட இருக்கிற அதே பைதானே? எண்ணூத்துச் சொச்சத்துக்கு வந்திருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் அதே வாரம்தான் அந்தப் பைக்கு ஜிப் ரன்னரை, அதாவது ஜிப்பை இழுத்து மூடும் அந்தச் சின்னத் துண்டை, மாற்றிக்கொண்டு வந்திருந்தேன், சொல்வதற்கு நிறைய சேர்ந்துவிட்டது. நான் வாங்கியபோது விலை ஆயிரத்து நானூறு. அந்த வயிற்றெரிச்சலும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

நீளம் அகலமெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று அறை, கழற்றி மாட்டும் தடுப்பு, மூடியில் நூல் வெளியே வர வளையம் அடித்த ஓட்டைகள், முன்பக்கம் ஊசி செருகும் பட்டை, தோள் வார். இதே வடிவத்தில் வேறு வேறு பெயரில் நிறைய வருகிறது. என் உபயோகம் என்னவென்றால், தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை மின்சார ரயிலில் கொக்கி ஊசியால் குரோஷே பின்னுவது, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மெஷினில் பிளவுஸ் ஆல்டரேஷன், நடுநடுவே தெரிந்தவர்களுக்குப் புடவைக் குச்சு கட்டித் தருவது. அதாவது உல்லன், பட்டு நூல், மெஷின் சாமான் மூன்றும் ஒரே பையில் ஏறி இறங்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இவ்வளவு கோபம் வராமலும் போகலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபம் ஏறிவிட்டால் மறந்துவிடுவேன். மூடியில் இருக்கும் அந்த ஓட்டைகளை வாங்கும்போது நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. சும்மா அலங்காரம் என்று நினைத்தேன். லேடீஸ் பெட்டியில் நூல் உருண்டை மடியிலிருந்து விழுந்து, நாலு பேர் செருப்புக்கு நடுவில் ஓடி, பல்லாவரத்தில் ஏறுகிறவர் காலில் சுற்றிக்கொண்டு, அதை இழுத்து எடுப்பதற்குள் போட்ட வரிசை மறந்துபோகும். இப்போது உருண்டை பைக்குள்ளேயே கிடக்கிறது, நூல் மட்டும் ஓட்டை வழியே வருகிறது. உருண்டையின் வெளி முனையை விட்டுவிட்டு நடுவிலிருந்து முனையை எடுத்துக் கோத்தால் அது உள்ளே உருளக்கூட உருளாது. இரண்டு நிறம் வைத்துப் போடும்போது ஆளுக்கொரு ஓட்டையில் விட்டுவிட்டால் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதும் பாதியாகக் குறைகிறது. வளையத்தின் ஓரமும் வழவழவென்று இருக்கிறது. எல்லாப் பையிலும் அப்படி இருக்காது, தகரம் வெட்டிய பிசிறு நின்றால் நூலை அறுத்துவிடும். கையில் கிடைத்ததும் கொஞ்சம் பஞ்சை வளையத்தைச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள், இழை மாட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்த நல்லது, அது தானாக நிற்கிறது. துணிக்கடைப் பை, மஞ்சப்பை எதில் வைத்தாலும் கையை விட்டால் சாய்ந்து எல்லாம் கொட்டும். இதன் அடிப்பாகத்தில் அட்டை இருப்பதால் மடியில் வைத்தாலும் சீட்டில் வைத்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சரி, வெல்குரோவுக்கு வருகிறேன்.

வெல்குரோவில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று முரடு, அதில் குட்டிக் குட்டிக் கொக்கிகள். இன்னொன்று மெத்து, சுருள் சுருளான இழைகள். இந்தப் பையில் முரட்டுப் பக்கத்தை உட்சுவரில் மேலிருந்து கீழ்வரை பட்டை பட்டையாகத் தைத்திருக்கிறார்கள். மெத்துப் பக்கத்தைத் தடுப்பின் ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். தடுப்பை இஷ்டப்பட்ட இடத்தில் மாற்றி மாட்டலாமாம். மாட்டலாம்தான். ஆனால் எங்கே மாட்டினாலும் மீதிப் பட்டைகள் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். உருண்டையை எடுத்தாலும் மாட்டும், வைத்தாலும் மாட்டும், பாதி போட்ட ஸ்வெட்டரை மடித்து உள்ளே தள்ளினாலும் மாட்டும்.

ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினியர், நாயோடு வெளியே போய்த் திரும்பியபோது அதன் ரோமத்தில் ஒட்டியிருந்த முள்விதையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கே வந்தார், 1955-ல் காப்புரிமையும் வாங்கினார். நம் ஊரில் நாயுருவிப் புதருக்குள் நடந்துவிட்டு வந்தால் புடவைக் கரை என்னவாகுமோ அதேதான் சங்கதி. ஆக, ரோமத்தைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துப் பிறந்த ஒரு சாமானை, நூல் வைப்பதற்கென்றே செய்கிற பைக்குள் சுவர் முழுக்க ஒட்டி அனுப்புகிறார்கள். நம் கடைகளில் உல்லன் என்று கொடுப்பது முக்கால்வாசி அக்ரிலிக் என்ற செயற்கை இழைதான், அது வேறு கதை. கொக்கிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

உல்லனாவது பரவாயில்லை, மாட்டினால் கொஞ்சம் பஞ்சு பிரியும், அவ்வளவுதான். குரோஷேயில் போட்ட வேலை மாட்டினால் ஒரு கண்ணி மட்டும் விரல் நீளத்துக்கு வெளியே வந்துவிடும், அதன் இரண்டு பக்கமும் நாலைந்து கண்ணி இறுகிச் சுருங்கி நிற்கும். அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். சின்ன ஊசியால் பக்கத்துக் கண்ணியில் கொஞ்சம், அதற்கடுத்ததில் கொஞ்சம் என்று நூலைப் பங்கு போட்டு நகர்த்திக்கொண்டே போனால் வரிசையின் கடைசிக்கு வருவதற்குள் அந்த நீட்டல் காணாமல் போய்விடும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பட்டு நூல் அப்படியில்லை. குச்சுக்கு வாங்கும் சில்க் த்ரெட் பெரும்பாலும் ரேயான், முறுக்கு குறைவு, அந்த மினுமினுப்பே அதனால்தான். முரட்டுப் பட்டையில் ஒரு தடவை உரசினால் இழை பிரிந்து சிலும்பிவிடும், அந்த இடத்தை வெட்டித்தான் ஆகவேண்டும். ஒரு நாள் ஒரு காஞ்சிபுரம் புடவைக்குக் குச்சு போட்டுக்கொண்டிருந்தேன். ராமர் பச்சை உடல், அரக்கு முந்தானை, கல்யாணப் பெண்ணின் அம்மாவுடையது. பை பக்கத்தில் திறந்து கிடந்தது. மணி டப்பாவை எடுக்கக் கையை விட்டபோது முந்தானை ஓரம் பைக்குள் சரிந்து பட்டையைத் தொட்டது. தொட்டதுதான். இழுக்கக்கூட இல்லை, ஒரு ஜரிகை இழை தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. புடவையைத் திருப்பிப் போட்டு, உள்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியால் அந்த இழையைத் துளித்துளியாகப் பின்னால் வாங்கி, மேலே விரலால் நீவி நீவிச் சமன்படுத்தியதில் அந்தச் சாயங்காலமே போய்விட்டது. கடைசியில் தெரியவில்லைதான். ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்கிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு இந்தப் பையைத் தைத்த கம்பெனியைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், இதைச் சரிசெய்ய ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது. என் தம்பி கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவன். அவனுடைய கேமரா பையிலும் இதே மாதிரிக் கழற்றி மாட்டும் தடுப்புகள்தான். ஆனால் அதில் உட்சுவர் முழுக்க மெத்துப் பக்கம், தடுப்பின் ஓரத்தில் மட்டும் முரடு. மாட்டினால் முரட்டுப் பக்கம் மூடிக்கொள்ளும், வெளியே தெரிவதெல்லாம் மெத்து. எதிலும் ஒட்டிக்கொள்ளாத கேமராவுக்கு இந்த யோசனை தோன்றியிருக்கிறது, எதிலும் ஒட்டிக்கொள்ளும் நூலுக்குத் தோன்றவில்லை. பையை வடிவமைத்தவர் ஒரு தடவையாவது உள்ளே ஒரு நூல் உருண்டையை வைத்து எடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

வைத்தியம் இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் தையல் சாமான் விற்கும் கடைகளில் வெல்குரோ மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஜோடியாகத்தான் தருவார்கள், மெத்துப் பக்கம் மட்டும் வேண்டும் என்று கேட்டால் ஒருமாதிரிப் பார்ப்பார்கள், இரண்டு கடை ஏறி இறங்கினால் கொடுத்துவிடுவார்கள். அதைப் பட்டை அளவுக்கு வெட்டி, வெளியே தெரியும் முரட்டுப் பட்டைகள் மேல் அழுத்திவிட வேண்டியதுதான், பசை எதுவும் வேண்டாம். மேலும் கீழும் முனையில் மட்டும் நாலு தையல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் சுருண்டு மறுபடி பல் தெரியும். இதைச் செய்த பிறகு எனக்கு எதுவும் மாட்டவில்லை. ஆனால் தடுப்பை இனி நகர்த்த முடியாது. எந்த வசதிக்காக வெல்குரோ வைத்தார்களோ அதையே மூடி வைத்துவிட்டுத்தான் பையை நிம்மதியாக உபயோகிக்க முடிகிறது.

முன்பக்க ஊசிப் பட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். அது 4, 5, 6 மில்லிமீட்டர் அலுமினிய ஊசிகளை மனதில் வைத்துத் தைத்தது. தடி உல்லனில் போடுகிறவர்களுக்குக் கச்சிதம். நாம் குச்சுக்கும் பருத்தி நூல் லேஸுக்கும் எடுக்கிற 1 மில்லிமீட்டர் ஸ்டீல் ஊசியை அதில் செருகினால் ரயில் குலுங்குகிற குலுக்கலில் நழுவிப் பையின் அடிக்குப் போய்விடும், முனை துணியைக் குத்தி வெளியே வந்து என் தொடையையும் ஒரு தடவை பதம் பார்த்துவிட்டது. அதற்குப் பழைய மூக்குக் கண்ணாடிக் கூடுதான் சரி, டக்கென்று மூடிக்கொள்ளும், ஸ்டீல் ஊசி, தையல் பிரிப்பான், சின்னக் கத்தரி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மணிகளுக்கு, கிழமை எழுதிய மாத்திரை டப்பா. ஏழு அறையில் ஏழு வகை மணி.

துருவுக்குப் பையைக் குறை சொல்லமாட்டேன், அது சென்னைக் காற்று. ஸ்டீல் ஊசியில் மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் துரு பிடிக்கும், துரு பிடித்த ஊசி வெள்ளை நூலில் தீற்றிவிடும். மெஷின் ஊசிகளை, 14, 16 எதுவானாலும், வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே வையுங்கள், பையில் இருக்கும் ஸ்பாஞ்சில் குத்தி வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் உள்ளே போட்டுவைத்தால் பாதித் தொல்லை விடும். மெஷின் ஆயில் தடவி வைக்கிறவர்கள் எடுக்கும்போது நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள், பட்டு நூலில் எண்ணெய் பட்டால் அவ்வளவுதான்.

அப்புறம் ஜிப். மூடிக்கொண்டே வரும்போது பின்னாலேயே பிளந்துகொண்டு வர ஆரம்பித்தது. இந்த நிலையில் ஜிப்பே போச்சு என்று பையைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். நைலான் ஜிப்பில் பல் தேய்வது குறைவு, பெரும்பாலும் ரன்னரின் வாய்தான் அகன்றுபோயிருக்கும். குறடால் அதன் இரண்டு ஓரத்தையும் மெல்ல அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும். ஓட்டிப் பார்த்தேன், மறுபடி பிளந்தது. ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் பை தைப்பவரிடம் கொடுத்தேன். ரன்னரைத் திருப்பிப் பின்னால் பொறித்திருந்த 5-ஐப் பார்த்தார், டப்பாவிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்தார், முனைத் தையலைப் பிரித்து ஏற்றினார், மறுபடி தைத்துக் கொடுத்தார். நாற்பது ரூபாய். "ஜிப்பு நல்லாத்தான் இருக்கும்மா, ரன்னர்தான் மட்டம்" என்றார். பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தையலும் கெட்டியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று சர்டிபிகேட் வேறு. உண்மைதான். அத்தனை கூட்டத்தில் நசுங்கியும் வார் பிய்யவில்லை, ஓரம் கிழியவில்லை, துணி சாயம் போகவில்லை.

வீட்டிலேயே வைத்துத் தைக்கிறவர்களுக்கு பிஸ்கட் டின் போதும், வீணாகச் செலவு செய்யாதீர்கள். வெளியே தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு டின் சரிப்படாது, கலகலவென்று சத்தம், மூடி எப்போது திறந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. தட்டுத் தட்டாக விரியும் பிளாஸ்டிக் பெட்டியும் அக்கா வீட்டில் இருக்கிறது. பாபின், பாபின் கேஸ், பிரஸ் பட்டன், ஹூக் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் அதை விரிக்க ஒரு மேஜை வேண்டும், நூல் உருண்டை ஒன்றுகூட நுழையாது.

ஆக வாங்கலாமா என்றால், வாங்காதீர்கள். இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு இப்படிச் சொல்கிறாளே என்று தோன்றும். நான் தினமும் தூக்கிக்கொண்டு போவது இதைத்தான், நாளைக்கு இது தொலைந்தால் வேறு எதைத் தூக்குவேன் என்றும் தெரியவில்லை. ஆனாலும் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் இன்றைக்கு இரண்டுதான் போடுவேன். ரன்னர் மாற்றிவிட்டு வந்த அன்று கேட்டிருந்தால் நான்கு போட்டிருப்பேனோ என்னவோ. உல்லன் மட்டும் போடுகிறவர்கள் விலை இறங்கியிருக்கும்போது எடுத்துக்கொள்ளட்டும், மெத்துப் பக்கம் இரண்டு மீட்டரையும் சேர்த்து வாங்கிவிடட்டும். குச்சு கட்டுகிறவர்கள் இனாமாகக் கொடுத்தாலும் தொடவேண்டாம். எடுப்பதானால் சாம்பல் நிறம் எடுங்கள். கறுப்பில் உள்துணியும் கறுப்பு, அடியில் விழுந்த ஊசியை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.