மலிவான சப்ளையரா, முன்கூட்டியே சொல்கிற சப்ளையரா? ஒரு கோவை பம்ப் பட்டறையின் அனுபவம்

கோவை கணபதி பக்கம் சின்ன அளவில் மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) செய்கிறோம். காஸ்டிங் (உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி எடுக்கும் பாகம்) ஒரு ஃபவுண்ட்ரியிலிருந்து, அதாவது வார்ப்பாலையிலிருந்து, வருகிறது, செம்புக் கம்பி ஒரு ஏஜென்சியிலிருந்து, ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கடைசல் பக்கத்து லேத் பட்டறைகளில். பல வருடமாக ஏறக்குறைய இதே ஆட்கள்தான். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “யார்கிட்ட ரேட் கம்மிங்க?” நான் பார்ப்பது வேறு. ஒரு கெட்ட செய்தியை அந்த ஆள் எவ்வளவு சீக்கிரம் என் காதில் போடுகிறார் என்பதுதான் எனக்குக் கணக்கு.

காஸ்டிங்கை வைத்தே சொல்கிறேன். வார்க்கும்போது வாயு சிக்கி உண்டாகும் ப்ளோ ஹோல் வெளியே தெரியாது. லேத்தில் ஏற்றி மேல்தோலைச் சீவும்போதுதான் உள்ளே ஓட்டை இருப்பது தெரியும். ஃபவுண்ட்ரிக்காரர் அந்தக் காஸ்டிங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு கொடுத்துவிடுவார், அதில் தகராறு இல்லை. அதற்குள் கொடுத்து முடித்த கடைசல் கூலி யார் தலையில் என்பதில்தான் சண்டையே. நாங்கள் ஆளுக்குப் பாதி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம். வக்கீல் பார்த்தால் சிரிப்பார். ஆனால் அதற்கப்புறம் ஒரு கூலிச் சண்டையும் வந்ததில்லை.

காஸ்டிங்குக்கு அச்சு எடுக்க உதவும் மாதிரி உருவான பேட்டர்ன் எங்களுடையது, இருப்பது ஃபவுண்ட்ரிக்காரரிடம். ஒருநாள் அவரே கூப்பிட்டார்: “அண்ணா, பேட்டர்ன் தேஞ்சு போச்சுங்க. இன்னொரு லாட் ஓட்டினா சைஸ் வராதுங்க.” சொல்லாமல் ஊற்றி அனுப்பியிருந்தாலும் அவருக்கு எடைக்குக் காசு வந்திருக்கும். இப்படி ஃபோன் வருகிறபோது கத்தினால், அடுத்த தடவை ஃபோன் வராது, சைஸ் தப்பிய காஸ்டிங்தான் வரும். அவருடைய சிரமமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இண்டக்‌ஷன் ஃபர்னஸ் (மின்சாரத்தில் உலோகத்தை உருக்கும் உலை) வைத்திருப்பவருக்குப் பீக் ஹவர் (மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரம்) மின்கட்டணம் பெரிய செலவு, அதனால் உருக்கும் நேரத்தை அதற்குத் தகுந்த மாதிரி தள்ளி வைப்பார். “காலையிலேயே வேணும்” என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம், அது அவருடைய கரண்ட் பில்லில் ஏறுகிறது.

செம்பு தனிக் கதை. 2020 மார்ச்சில் உலகச் சந்தையில் டன் 5,000 டாலருக்குக் கீழே போனது, 2021 மே மாதம் 10,000 டாலரைத் தாண்டியது. ஒரே ரேட்டுக்குப் பேசி வைத்திருந்தால் இரண்டு பேரில் ஒருவர் படுத்திருப்போம். உலோக விலை அன்றைய சந்தைப்படி, கம்பியாக்கும் கூலி மட்டும் நிலையானது என்று பேசியிருந்ததால் விலை ஏறியபோது கசந்தது, உறவு கசக்கவில்லை.

பணம் கொடுக்கும் தேதிக்கு வருகிறேன். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் போக வேண்டும். தவறி, ஆண்டு முடிவிலும் பாக்கி நின்றால், அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் ஆண்டின் வருமானத்தில்தான் கழிக்க முடியும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி என்பது 2006 எம்எஸ்எம்இ சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வட்டியைக் கேட்ட லேத் பட்டறைக்காரரை நான் பார்த்ததில்லை. வாயைத் திறக்க மாட்டார்கள், நம் ஷாஃப்டைக் கடைசியாக ஏற்றுவார்கள், அவ்வளவுதான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனாலும் செம்பு ஏஜென்சிக்கும் அதே தேதியில்தான் கொடுக்கிறேன்.

ஜிஎஸ்டியில் ஒரு சின்ன வழி. சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போடாவிட்டால் நம் 2பி-யில் (நாம் வாங்கிய பில்களின் பட்டியல்) பில் ஏறாது, அதில் கட்டிய வரிக்குக் கிரெடிட் எடுக்க, அதாவது நம் வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. அதற்காக முழுப் பணத்தையும் பிடித்து வைக்கிறவர்கள் உண்டு. நான் வரித்தொகையை மட்டும் நிறுத்திவைத்து, பில் ஏறியதும் அனுப்பிவிடுவேன். இதை முதல் ஆர்டரிலேயே சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

குறையும் இருக்கிறது. பழகப் பழக “நம்ம ஆளுதானே” என்று இரண்டு பக்கமும் மெத்தனம் வந்துவிடுகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போன வடமாநிலத் தொழிலாளர்கள் திரும்பத் தாமதமானால், எவ்வளவு நல்ல ஃபவுண்ட்ரியாக இருந்தாலும் மோல்டிங் (அச்சு செய்யும் வேலை) நின்றுவிடும். அதனால் இன்னொரு ஃபவுண்ட்ரிக்கும் கொஞ்சம் ஆர்டர் போகிறது. பழையவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன், இரண்டு வாரம் உர்ரென்று இருந்தார், அப்புறம் சரியாகிவிட்டது. புதியவர் கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்தே தருகிறார். இருந்தும் பெரிய ஆர்டர் பழையவருக்குத்தான், ஏனென்றால் புதியவரிடமிருந்து இதுவரை ஒரு கெட்ட செய்திகூட முன்கூட்டி வந்ததில்லை.