பிட்வார்டன்: செம்பனைக்குள் லைன் போனாலும் திறக்குமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் பெரியவர்கள் பலருக்கு ஜிமெயில் திறந்து கொடுத்தது கைப்பேசிக் கடைப் பையன்தான். கடவுச்சொல்லும் அவன் போட்டதே: பெயர், ஒட்டினாற்போல் பிறந்த தேதி. ஐசி எனும் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கமே அந்தத் தேதிதான். பலசரக்குக் கடைக் கடன் நோட்டில்கூட இருக்கும். ஃபேஸ்புக்குக்கும் இ-வாலட்டுக்கும் அதே சொல். 2017இல் 4 கோடியே 62 லட்சம் மலேசியக் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்த நாட்டில் இது திண்ணையில் வைத்த சாவி.

கடவுச்சொற்களையெல்லாம் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் பிட்வார்டன் செயலி இலவசம். எத்தனை கடவுச்சொல்லும் வைக்கலாம், எத்தனை கருவியிலும் திறக்கலாம். ஒரு மாலை உட்கார்ந்தால் அமைத்துவிடலாம். மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

முதலில் தலைமைக் கடவுச்சொல், அதாவது பிட்வார்டனையே திறக்கும் சொல். குறைந்தது 12 எழுத்து வேண்டும். தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் போடுவது நல்ல வழி: புடலங்காய், லோரி, திருநீறு, ஏணி என்பதுபோல. (இதையே போட்டுவிடாதீர்கள்.) ஆனால் ஒரே ஒலியை இன்று ‘டி’, நாளை ‘டி-எச்’ என்று எழுதினால் கதவு திறக்காது, நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. எழுத்துக்கு எழுத்து தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பில் வையுங்கள். பதிவின்போது தேர்ந்த சர்வர் அமெரிக்காவா ஐரோப்பாவா என்பதையும் அதிலேயே குறியுங்கள். நுழையும்போது மாற்றித் தேர்ந்தால் சரியான சொல்லையும் தவறு என்றே சொல்லும்.

அடுத்தது மின்னஞ்சல். இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனை) போடாதவர் புதுக் கைப்பேசியில் நுழைந்தால் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு வரும். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் பிட்வார்டனுக்குள் மட்டுமே இருந்தால்? பெட்டிக்குள் பெட்டிச் சாவி. அதுவும் தாளில் ஏறட்டும்.

இப்போது லைன், அதாவது இணையத் தொடர்பு. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் செயலி தானே மூடிக்கொள்ளும்; எப்படி மூட வேண்டும் என்பதை அமைப்பில் சொல்லலாம். ‘டைம்அவுட் ஆக்‌ஷன்’ என்ற இடத்தில் ‘லாக்’ என்று வையுங்கள். ‘லாக் அவுட்’ வேண்டாம். லாக் ஆகியிருந்தால் லைன் இல்லாத செம்பனைக் காட்டிலும் கைரேகை வைத்துத் திறந்து பார்க்கலாம், திருத்த மட்டும் முடியாது. லாக் அவுட் ஆகிவிட்டால் லைன் கிடைக்கும் வரை ஒன்றும் நடக்காது.

இதன் உண்மையான மதிப்பு வேறொன்றில் தெரிகிறது. வங்கிப் பக்கம் போலவே ஓர் எழுத்து மாறிய போலி முகவரியைத் திறந்தால், பிட்வார்டன் சேமித்த சொல்லை நீட்டாது. கண் ஏமாறும், செயலி முகவரியைத்தான் பார்க்கும். அது சும்மா இருந்தால் நீங்களாகத் தட்டச்சு செய்யாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’ என்று வரும் ஏபிகே கோப்பை (அது பத்திரிகை அல்ல, ஒரு செயலி) நிறுவினால் மட்டும் எந்தச் செயலியும் காப்பாற்றாது. பணம் போனது தெரிந்ததும் வங்கிக்கோ மோசடிப் புகார் எண்ணான 997க்கோ உடனே அழையுங்கள். ஐசி நகல் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதுங்கள், பேனா போதும்.

கணவன் மனைவி இருவர் கடவுச்சொல் பகிரவும் இலவசக் கணக்கே போதும். மூன்றாவது ஆளைச் சேர்த்தால்தான் காசு.